ஒன்றரை மணித் தண்ணீர்

என் மனைவியின் செடிகளை வெயில்தான் கொன்றது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருடத்து வெயில் அப்படி. அதன் தலையில் எந்தப் பழியைப் போட்டாலும் யாரும் மறுபேச்சு பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் வெயில் பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் செய்து முடிக்கக் கைதேர்ந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். இருபத்தெட்டு வருட அனுபவமுள்ள ஏசி மெக்கானிக் ஒருவர் வீட்டிலேயே இருந்தார்.

அது நான்தான். அடுத்தவர் வீட்டுச் சூட்டை எடுத்து வெளியே விடுவது என் தொழில். ஒரு அறைக்குள் நுழைந்து சுற்றுமுற்றும் பார்த்தாலே போதும், எத்தனை டன் மெஷின் வேண்டும், எந்தச் சுவர் எத்தனை மணிக்குக் கொதிக்கும் என்று சொல்லிவிடுவேன். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, தெர்மாமீட்டர் இருக்கும். வாடிக்கையாளர்கள் என்னைக் கூலிங்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்பது அடக்கத்துக்காகச் சொன்னது.

மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைக்கிறாள். மற்ற நேரமெல்லாம் மொட்டைமாடியில் இருப்பாள். அங்கே அறுபத்து மூன்று தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் மிச்சத் துணியைக் கிழித்து ஒரு பட்டை கட்டியிருப்பாள். சிவப்புப் பட்டை என்றால் இரண்டு வேளை தண்ணீர், வெள்ளை என்றால் ஒரு வேளை, நீலம் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். நான் மாடிக்குப் போனால் அறுபத்து மூன்று பிள்ளைகள் சீருடையில் வரிசையாக நின்று என்னை முறைப்பது போலிருக்கும். அதனால் அதிகம் போவதில்லை.

அந்த மாடியில் அவள் உயிராய் வைத்திருந்தது ஒரு எலுமிச்சை. பாதியாய் அறுத்த நீல டிரம்மில் நின்றது. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊர் போன வாரம், என் மனைவி ஜூஸ் பிழியப் பழத்தை நறுக்கினாள். உள்ளே ஒரு விதை முளைவிட்டிருந்தது. அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் கைப்பிடி உடைந்த மக்கில் மண் போட்டு வைத்தாள். மக்கிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து டிரம்முக்கு என்று அது என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. எட்டு வருடத்தில் அது கொடுத்தது முள். விரல் நீள முள். அவள் முன்கையில் எப்போதும் கீறல் இருக்கும். எது ஊசி குத்தியது, எது முள் கிழித்தது என்று அவளுக்கே தெரியாது.

நானும் வருடா வருடம் தவறாமல் கேட்பேன்.

"என்னம்மா, உன் முள்ளுச்செடி எப்படி இருக்கு?"

"எலுமிச்சை."

"காய்க்கட்டும், அப்ப எலுமிச்சைன்னு ஒத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று நின்று பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

அந்த வருடம் அது காய்த்தது. நான்கே நான்கு காய், கோலிக்குண்டு அளவு. அவள் என்னைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினாள்.

"முதல் காய உங்களுக்குத்தான் புழிஞ்சு குடுப்பேன். குடிச்சுட்டு, இது முள்ளுச்செடின்னு சொல்லுங்க பாப்போம்."

"பழுக்கட்டும்," என்றேன். வாய்க்கொழுப்பு அப்போதும் அடங்கவில்லை.

அடுத்த வாரம் அவள் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நாற்பது நாள் போய் இருந்துவிட்டு வருவதாக முடிவானது. கிளம்புவதற்கு முன் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்கு எழுதி வைத்தாள். காலை ஆறு மணிக்குள் தண்ணீர். சிவப்புக்கு மட்டும் சாயங்காலம் ஒருமுறை. பக்கெட் தண்ணீரையும் வீணாக்க வேண்டாம். மத்தியானம் ஊற்றவே கூடாது. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

பக்கெட் என்று அவள் எழுதியது தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால் இருந்த பக்கெட்டை. டேங்க்கின் பைப் ஜாயின்ட் ஒரு வருடமாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. சரி பண்ணுங்கள் என்று அவள் வாரம் ஒருமுறை சொல்வாள். நாளைக்கு என்று நானும் வாரம் ஒருமுறை சொல்வேன். சொல்லி அலுத்துப்போய் அவளே பக்கெட் வைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் பைப் ஒழுகலை அடைக்கப் போகிறவன் வீட்டில் பக்கெட் வைத்துத் தண்ணீர் பிடித்தோம்.

பஸ் ஏறும்போதும் ஜன்னல் வழியே சொன்னாள்.

"மத்ததெல்லாம் போனாலும் பரவாயில்லங்க. எலுமிச்சைய மட்டும் பாத்துக்குங்க."

"நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாத," என்றேன். எத்தனை பேர் வீட்டில் சொல்லிப் பழகிய வசனம்.

இரண்டு நாள் நோட்டில் இருந்தபடி செய்தேன். மூன்றாம் நாள் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அறுபத்து மூன்று தொட்டிக்குக் குவளையால் மொண்டு ஊற்றுவதா? நான் யார்? பழைய கருப்புப் பைப் சுருள் ஒன்று கிடந்தது. அதை மாடித் தரை முழுக்க வளைத்து வளைத்து ஓட்டி, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு துளை போட்டு, டேங்க்கோடு இணைத்தேன். கழற்றிப்போட்ட வாஷிங் மெஷினின் வால்வு ஒன்றை வைத்து அதற்கு டைமர் கொடுத்தேன். எலுமிச்சை கடைசி. அங்கே போகும்போது பைப் தீர்ந்துவிட்டதால் டிரம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் எட்டியது. வேலையை முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற பேதமெல்லாம் ஒழிந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே தண்ணீர். அவள் வந்து பார்த்தால் வாய் பிளப்பாள் என்று நினைத்தேன். அது வேறு விதத்தில் பலித்தது.

டைமரை எத்தனை மணிக்கு வைப்பது என்ற கேள்வி வந்தது. நோட்டில் காலை ஆறு என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொழிலில் பால பாடமே இதுதானே: சூடு எப்போது உச்சமோ அப்போதுதான் கூலிங் உச்சத்தில் ஓட வேண்டும். காலை ஆறு மணிக்கு ஏசி போட்டுவிட்டு மத்தியானம் அணைத்து வைப்பவன் உண்டா? இரண்டு கோடு போட்டிருந்த வரியை மறுபடி படித்தேன். பழைய காலத்து நம்பிக்கை, பாவம், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மத்தியானம் ஒன்றரை மணிக்கு வைத்தேன். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். எனக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வெயில் தன் வேலையைக் காட்டியது. ரோட்டில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஊரில் இருந்த அத்தனை ஏசியும் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டது. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டியபிறகு வீடு வந்து, நின்றபடியே சாப்பிட்டுத் தூங்கினேன். ஐந்தாம் நாள் மாடிக்குப் போய்ப் பார்த்தபோது தக்காளி, கத்திரி, கீரை எல்லாம் வெந்தது போல் தொங்கின. நான் பதறவில்லை. நிதானமாக யோசித்து, ஒரு நிபுணன் வரவேண்டிய முடிவுக்கு வந்தேன்: லோடு அதிகம், கூலிங் போதவில்லை. டைமரில் மூன்று மணிக்கு இன்னொரு முறை தண்ணீர் விடும்படி மாற்றி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஒரு உதிரிபாகம் எடுக்க வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. கடிகாரத்தில் ஒன்றரை. நம் ஏற்பாடு எப்படி ஓடுகிறது, பார்ப்போமே என்று மாடியேறினேன். கையெல்லாம் கிரீஸ். பைப் துளையில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கழுவிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

"ஐயோ!" என்று நான் கத்தியதில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

சட்டைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அந்தத் தண்ணீரில் வைத்தேன். ஐம்பத்தெட்டு டிகிரி காட்டியது. கருப்புப் பைப், கொதிக்கிற சிமென்ட் தரை, அதில் காலையிலிருந்து அசையாமல் கிடக்கும் தண்ணீர். வெயிலில் பைப் ஓட்டினால் மேலே உறை போடுங்கள் என்று நான் ஊரில் திட்டாத ஆள் கிடையாது. அவள் செடிகளுக்கு ஏழு நாளாய் வெந்நீர் ஊற்றியிருக்கிறேன். அதில் கடைசி நான்கு நாள் இரண்டு வேளை.

வால்வைப் பிடுங்கி எறிந்துவிட்டு எலுமிச்சையிடம் போனேன். பச்சையாகத்தான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவசரப்பட்டு விட்ட மூச்சு அது. இரண்டு நாள் கழித்து இலைகள் சுருண்டன. அதற்கடுத்த நாள் காலையில் டிரம்மைச் சுற்றி வட்டமாய் இலை கொட்டிக் கிடந்தது. நான்கு காயும் அந்த இலைக்குள் கிடந்தன. ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கெப்பாசிட்டர் அட்டைப்பெட்டியில் போட்டு மூடினேன்.  எத்தனையோ கம்ப்ரஸர் என் கையில் செத்திருக்கிறது, எதையும் இப்படிப் பெட்டியில் போட்டு வைத்ததில்லை.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

"எலுமிச்சை எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

"காய்?"

"இருக்கு."

"எண்ணிப் பாத்தீங்களா? நாலும் இருக்கா?"

"நாலும் இருக்கு." அது பொய்யில்லை. எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"இந்த வெயில்ல காய் நிக்குதுன்னா நீங்க எவ்வளவு பாத்துக்கறீங்கன்னு தெரியுது. அக்காகிட்ட சொல்லிட்டே இருக்கேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். செடி போனதற்கு அவள் அழுவாள், அதை நான் தாங்கிக்கொள்வேன். என்னைத் தின்றது வேறு. எட்டு வருடம் அதைக் கேலி செய்தவன் நான். காய்த்து என் வாயை மூடிய மாதத்திலேயே, என் கையாலேயே அது செத்தது. வேண்டுமென்றே செய்தீர்களா என்று அவள் கேட்டுவிட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்பேன்?

ஒரு குச்சியை ஒடித்து எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்கார அம்மா நகத்தால் அதைச் சுரண்டினாள். உள்ளே பழுப்பு.

"கிளை காஞ்சிருச்சு. அடிமரத்தக் கீறிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"கீறிப் பாருங்க. பச்சை இருந்தா உயிர் இருக்கு. தண்ணி எப்ப ஊத்துனீங்க?"

"காலைல ஆறு மணிக்கு," என்றேன். முன்பின் தெரியாத அம்மாவிடம்கூட உண்மை வரவில்லை.

வீட்டுக்கு வந்து பிளேடை எடுத்துக்கொண்டு செடி முன் நின்றேன். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவன் நான். அன்று அந்த ஒரு கீறலைப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. பழுப்பாய் இருந்துவிட்டால்? பிளேடை மடித்து வைத்துவிட்டு, பயந்தவன் செய்வதைச் செய்தேன். டிரம்மைத் தரையோடு இழுத்து டேங்க்குக்குப் பின்னால் கொண்டுபோனேன். அங்கே இடம் போதவில்லை என்று பக்கெட்டை எட்டி உதைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் டிரம்மைத் தள்ளினேன். மாடிக்கு வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. என் கண்ணுக்கும் தெரியாது.

மிச்சம் பிழைத்துக் கிடந்தவற்றுக்காவது நல்லது செய்வோம் என்று நிழல் வலை வாங்கி, நான்கு மூலையிலும் கயிறு கட்டி மாடி முழுக்க விரித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதையும் உருப்படியாகச் செய்யவில்லை. காற்று போக வழி விடாமல் பாய்மரம் போலக் கட்டியிருந்தேன். பட்ட காலிலே படும் என்பதற்கு ஏற்ப, நான்கு நாள் கழித்து ஒரு சாயங்காலம் வானம் கறுத்து, புயல்காற்றும் ஆலங்கட்டியுமாய் இறங்கியது. கால் மணி நேரம்தான். வலை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு, கயிற்றில் மாட்டிய தொட்டிகளை வரிசையாய் இழுத்துத் தரையில் உடைத்தது. வெயில் விட்டுவைத்ததை என் வலை முடித்தது. மழை நின்றதும் போய் எண்ணினேன். அறுபத்து மூன்றில் ஒன்பது. அதில் ஆறு கற்றாழை. என்னை வைத்துக்கொண்டு எந்தக் காலத்திலும் பிழைக்கக்கூடிய சாதி அது.

கிழிந்த வலையைச் சுருட்டி டேங்க்குக்குப் பின்னால் எறிந்தேன். அது டிரம்மின் மேல் விழுந்து மூடிக்கொண்டது. சரி, அதுவும் நல்லதற்குத்தான் என்று திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனால் இவ்வளவு சொல்லிவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? மறுபடி நர்சரிக்குப் போய், அதே உயரத்தில், காயோடு, ஒரு எலுமிச்சை கேட்டேன்.

"இத எடுத்துக்குங்க," என்றாள் அந்த அம்மா. "ஒட்டுச்செடி. முள்ளே கிடையாது. புள்ளைங்க இருக்கற வீட்டுக்கு ரொம்ப நல்லது."

முள் வேறு இல்லையா, இன்னும் விசேஷம் என்று சந்தோஷமாய்த் தூக்கி வந்தேன். என் புத்தியை எதில் கழுவுவது? இன்னொரு நீல டிரம் தேடி வாங்கிப் பாதியாய் அறுத்து, அதில் நட்டு, பழைய இடத்தில் வைத்தேன். அதில் ஏழு காய் இருந்தது. கணக்குச் சரியாக வர மூன்றைக் கத்தரித்தேன். அந்த மூன்றையும் பிழிந்து ஜூஸ் போட்டேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. முதல் காய் உங்களுக்குத்தான் என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது.

ஒருநாள் வீடியோவில் காட்டியே ஆகவேண்டும் என்றாள். பத்தடி தள்ளி நின்று காட்டினேன்.

"அய்யோ, காய் எவ்வளவு பெருசாயிடுச்சு! அக்கா, இங்க பாருங்களேன்!"

"வெயில்ல," என்றேன்.

நாற்பதாம் நாள் காலை வந்தாள். பையை வைத்தாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் மாடியேறினாள். நான் மனப்பாடம் செய்த பேச்சோடு பின்னால் போனேன். உடைந்த தொட்டிகளை ஓரமாய் அடுக்கியிருந்தேன். அவிழ்த்த துணிப் பட்டைகளை ஒரு கட்டாய்க் கட்டி மேலே வைத்திருந்தேன். அவள் அந்தக் கட்டைக் கையில் எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"போன்ல சொன்னேனே, வெயில், அப்புறம் அந்தக் காத்து," என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க. அக்கா தெருவுல ஒரு செடி மிச்சமில்ல." கட்டைத் திரும்பத் தொட்டிகளின் மேல் வைத்தாள். "நீங்களும்தான் என்ன பண்ணுவீங்க, பாவம். நாள் முழுக்க வேலை வேற. இத ஒண்ணையாவது காப்பாத்தி வெச்சீங்களே."

எலுமிச்சையிடம் போனாள். எட்டு வருடப் பழக்கத்தில், தோள்வரை கையை உள்ளே விட்டுக் கிளைகளை விலக்கிப் பார்த்தாள். கையை வெளியே எடுத்தாள். முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பது நாளில் பழைய கீறலெல்லாம் ஆறிப்போயிருந்தது. புதிதாய் ஒன்றும் விழவில்லை.

"முள்ளு எங்க?"

பெரிசானால் முள் கொட்டிவிடும் என்ற வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. ஏசி வாங்குகிறவர்களிடம் இதைவிடப் பெரிய பொய்யை நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் என்னைப் பாவம் என்று சொல்லி இன்னும் ஒரு நிமிடம் ஆகவில்லை. அந்தச் சொல் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

"இது அது இல்ல," என்றேன். "அது போச்சு. வெயில்ல இல்ல. நான்தான் வெந்நீர் ஊத்திட்டேன்."

"என்னது?"

எல்லாவற்றையும் சொன்னேன். பைப், டைமர், ஒன்றரை மணி, தெர்மாமீட்டர், வலை, கத்தரித்த மூன்று காய் வரை.  முடித்தபிறகு கேட்டாள்.

"மத்தியானம் ஊத்தாதீங்கன்னு எழுதியிருந்தேனே."

"படிச்சேன்."

"கோடு போட்டிருந்தேன்."

"ரெண்டு கோடு."

"அப்புறம்?"

 உன்னைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்பதுதான் பதில். அதை அவளே முகத்தில் படித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

"அது காய்ச்சது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று மெதுவாய்க் கேட்டாள்.

இத்தனை நாளாய் நான் பயந்த கேள்வி. அவள் கோபமாய்க் கேட்டிருந்தால் நானும் குரலை உயர்த்தியிருப்பேன். இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில், பட்டப்பகலில், பக்கத்து மாடி அம்மா துணி எடுக்க வந்திருந்த நேரத்தில்.

"சத்தியமா இல்லம்மா. கிண்டல் பண்ணதெல்லாம் நெசம். ஆனா அந்தத் தண்ணிய உனக்காகத்தான் விட்டேன். நீ வந்து பாத்து அசந்து போகணும்னு."

அவள் அந்த முள்ளில்லாத செடியை விட்டு நகர்ந்தாள்.

"அத எங்க வெச்சிருக்கீங்க?"

டேங்க்குக்குப் பின்னால் கூட்டிப் போனேன். இருபத்தெட்டு நாளாய் நான் எட்டிப் பார்க்காத இடம். தரை ஈரமாயிருந்தது. பக்கெட் ஒரு பக்கம் கவிழ்ந்து கிடந்தது. அவள் குனிந்து வலையைப் பிடித்துத் தூக்கினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

 பிறகு, "ஏங்க," என்றாள்.

மேலே எல்லாம் காய்ந்த குச்சிதான். ஆனால் அடிமரத்தில், பைப் எட்டாத பக்கமாய், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஐந்தாறு துளிர்கள் வந்திருந்தன. விரல் நீளம். தளதளவென்று இலை. ஒவ்வொரு இலைக்கும் கீழே பச்சையாய், இளசாய், ஒரு முள்.

டொக் என்று ஒரு சொட்டு டிரம்மின் மண்ணில் விழுந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். ஜாயின்டில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது. ஒரு வருடமாய் நாளைக்கு நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்ட அதே ஜாயின்ட். நான் கருத்தாய்ப் பார்த்துக்கொண்டதெல்லாம் செத்தது. சோம்பேறித்தனத்தில் விட்டுவைத்த ஒழுகல் இதைக் காப்பாற்றியிருக்கிறது. இருபத்தெட்டு வருட அனுபவம் என்று பெருமையாய்ச் சொன்னேனே, அதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டாம்.

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. எனக்கு உடனே ஏதாவது செய்து நல்ல பெயர் வாங்க வேண்டும் போலிருந்தது.

"அந்த ஜாயின்ட்ட இன்னைக்கே சரி பண்ணிடறேன்," என்று ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன்.

"தொட்டீங்கன்னா பாத்துக்குங்க!"

அப்படியே நின்றேன். அவள் டிரம் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, காய்ந்த குச்சிகளை ஒவ்வொன்றாய் ஒடித்துப் போட்டாள். முள் கையைக் கீறிக்கொண்டே வந்தது. அவள் பொருட்படுத்தவில்லை.

"அந்த நாலு காய் என்ன ஆச்சு?" என்றாள் நிமிராமல்.

கீழே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். நான்கும் மிளகுபோல் கறுத்துச் சுருங்கியிருந்தன. அவள் அவற்றை உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் பார்த்தாள். இவை திரும்பி வரப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்து எப்போது காய்க்கும், காய்க்குமா என்றும் தெரியாது. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திச் சுரண்டினாள். முகர்ந்தாள். பிறகு அந்தக் கையை என் மூக்குக்கு நேராய் நீட்டினாள். முன்கையில் புதுக் கீறல் சிவந்திருந்தது.

"இப்ப சொல்லுங்க. என்ன செடி இது?"

வாசனை லேசாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

"எலுமிச்சை," என்றேன்.